568–645: ஒரு வீச்சை வாசிக்கும் முறை

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலுள்ள அல்குர்ஆன் தோலேடுகள் இரண்டின் காலம் கி.பி. 568–645 என 2015இல் அறிவிக்கப்பட்டது. நபியவர்கள் (ஸல்) பிறந்தது ஏறத்தாழ 570இல். “அப்ப, நபித்துவத்துக்கு முந்தியே எழுதினதா?” எண்டு சிலர் என்னிடம் கேட்கிறார்கள். விடை, அந்த வீச்சு எப்படிக் கிடைத்தது என்பதில் இருக்கிறது.

விலங்கின் உயிர் பிரிந்ததும் உடலில் காபன்-14 புதிதாகச் சேர்வது நின்றுவிடும். இருப்பது தேய்ந்துகொண்டே போகும். அதன் அரைவாழ்வுக் காலம் 5730 ஆண்டுகள். 1400 ஆண்டுகளின் பின்னும் ஏறக்குறைய 84 வீதம் எஞ்சும். தேய்வு இவ்வளவு மெதுவாக நடப்பதால், எஞ்சியதை அளப்பதில் 1 வீத வழு வந்தாலே கணிப்பு 83 ஆண்டுகள் பிசகும். கால் வீத வழுவுக்கும் ஏறத்தாழ 21 ஆண்டுகள். வளிமண்டலத்திலும் காபன்-14 எக்காலமும் ஒரே அளவாய் இருந்ததில்லை. மரவளையங்களைக் கொண்டு அதைத் திருத்த வேண்டும்.

ஆகவே ஒற்றை ஆண்டு கிடைக்காது. 95.4 வீத நிகழ்தகவுடன் ஒரு வீச்சுத்தான் கிடைக்கும். 568ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வாதிட ஏலாது. 645உம் அதே வீச்சுக்குள்தான் கிடக்கிறது.

இன்னொண்டு, இது தோலின் வயசு, மையின் வயசல்ல. விலங்கு அறுபட்ட பிறகுதானே எழுத்து! எழுத்து எப்போது முடிந்தது என்பதைக் காபன் சொல்லாது. அதற்கு ஹிஜாஸி எழுத்துமுறையைத்தான் பார்க்க வேண்டும். நபியவர்களின் காலத்திலேயே எழுதப்பட்டது நிரூபணமாயிற்று எண்டு மகிழ்வோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சான்று தருவதைவிடக் கூடுதலாக நாம் கேட்கக் கூடாது.