செப்புத் தடங்கள் – 9: திரும்பி வரும் வழி

1975 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேர் 8800-ஐக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்தார். அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. முன்பக்கத்து சுவிட்சுகளைத் தட்டித் தட்டியே புரோகிராமை ஏற்றினார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸின் ‘தி ஃபூல் ஆன் த ஹில்’ மெட்டு கேட்டது! இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு கம்பிகூட இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து கசிந்த மின்காந்த அலையைத்தான் ரேடியோ பிடித்திருந்தது. அன்று கைதட்டல் வாங்கிய அந்தக் கசிவைத்தான் இன்று ஒவ்வொரு போர்டிலும் அடக்கப் பாடுபடுகிறோம்.

டிரேஸ் வரையும்போது நம் கண் போகிற வழியிலேயே இருக்கிறது. ஒரு ஐசி-யிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் அடுத்த ஐசி-யைத் தொட்டதும் தீர்ந்துபோவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். போக்கும் வரத்தும் சேர்ந்து ஒரு வளையம். அந்த வளையம்தான் ஆன்டெனா. அதன் பரப்பு இரட்டித்தால் கசிவும் இரட்டிக்கும். அதிர்வெண் இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

டி.சி. மின்னோட்டம் தடை குறைந்த வழியில், கிரவுண்டு செப்பு முழுக்கப் பரவித் திரும்பும். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போனால் கதையே வேறு. தடையைவிட இண்டக்டன்ஸ்தான் அங்கே வழியைத் தீர்மானிக்கிறது. அதனால் திரும்பும் மின்னோட்டம் டிரேஸுக்கு நேர் கீழே, நிழல்போல ஒட்டிக்கொண்டு வரும். மேலே டிரேஸ் யு வடிவில் வளைந்தால், கீழே அகலமான செப்பு குறுக்குவழி காட்டினாலும் அதுவும் யு வடிவிலேயே வளையும். இந்த ஒரு காட்சி மனத்தில் பதிந்துவிட்டால் லேஅவுட் வேலையில் பாதி புரிந்த மாதிரி.

1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு லேயர் போர்டில் டிரேஸுக்கும் கீழே உள்ள கிரவுண்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே இடைவெளி. நான்கு லேயர் போர்டில் மேல் லேயருக்கு அடுத்ததைக் கிரவுண்டாக வைத்தால் அது 0.2 மி.மீ. வரை இறங்கும். வளையம் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. விலையை நினைத்துத் தயங்குபவர்களுக்கு என் பதில் இதுதான். பிறகு உலோக உறையும் ஃபெரைட்டும் வாங்கி ஒட்டுவது இதைவிடச் செலவு, மனஉளைச்சலும் கூட.

அனலாகுக்கு ஒரு கிரவுண்டு, டிஜிட்டலுக்கு ஒரு கிரவுண்டு என்று செப்பை இரண்டாக அறுக்கும் பழக்கமும் இருக்கிறது. பெல் லேப்ஸில் பணியாற்றிய ஹென்றி ஆட், பிளேனை முழுசாக விட்டுவிட்டுப் பாகங்களைப் பிரித்து வையுங்கள் என்று வலியுறுத்தியவர். நான் அவர் கட்சி.

ஒருமுறை என் மேசைக்கு இரண்டு லேயர் போர்டு ஒன்று வந்தது. 32 மெகாஹெர்ட்ஸ் கிளாக். மேலே இடம் போதாமல், வரைந்தவர் ஒரு சிக்னலைக் கீழ் லேயரில் குறுக்கே இழுத்திருந்தார். அதற்காகக் கிரவுண்டில் ஆறு சென்டிமீட்டர் பிளவு. அதன் நட்டநடுவைத் தாண்டிப் போகிறது கிளாக் டிரேஸ். மல்டிமீட்டரைப் பிளவின் இருபுறமும் வைத்தேன், ‘பீப்’ என்றது. மீட்டர் அறிந்தது டி.சி. மட்டும்தானே! அதற்கு ஓரத்தைச் சுற்றிப் போகிற வழியும் வழிதான்.

32-இன் மூன்றாம் மடங்கு 96. எஃப்.எம். ரேடியோவை 96-இல், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்தேன். ‘உஸ்’ என்ற இரைச்சல். போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் ஆறடி தள்ளியிருந்த ரேடியோ ஊமையானது. கிளாக்கின் அலை அதை முழுதாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பிளவின் இரு கரைகளிலும், டிரேஸுக்கு நேர் கீழே, பச்சைப் பூச்சைக் கத்தியால் சுரண்டினேன். குறுக்கே போகும் சிக்னல்மேல் காப்டான் டேப் ஒட்டி, அதன்மேல் விரலகலச் செப்புத் தகட்டைப் பாலமாக வைத்து இருபுறமும் சாலிடர் போட்டேன். திரும்பக் கரண்ட். ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அடங்கியது.