குப்பை மடலுக்கு வடிகட்டி போடுவோம்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் நம் ஒவ்வொருவருக்கும் மாணவர் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கிறது. பாடப் பதிவு, தேர்வு அட்டவணை, விடுதி விண்ணப்பம், தொழிற்பயிற்சி நேர்காணல் எனப் பலவும் அதன் வழியாகவே வருகின்றன. ஆனால் மூன்றாம் ஆண்டை எட்டுவதற்குள் அந்தப் பெட்டியில் வேண்டிய மடலைத் தேடிப் பிடிக்கும் நிலை வந்துவிடுகிறது. பரிசு விழுந்திருப்பதாக ஒன்று, வீட்டிலிருந்தே நாளுக்கு 300 ரிங்கிட் சம்பாதிக்கலாம் என்று ஒன்று, கேள்விப்படாத ஆய்விதழுக்குக் கட்டுரை கேட்டு ஒன்று. நெல்லில் பதர் பொறுக்கிய காலம் போய், பதரில் நெல் பொறுக்குகிறோம்.

'ஸ்பேம்' எனப்படும் இதனைத் தமிழில் 'எரிதம்' என்று குறிப்பதுண்டு. நான் இங்கே எல்லாருக்கும் விளங்கும் 'குப்பை மடல்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். ஸ்பேம் என்பது 1937 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின் இறைச்சியின் பெயர். 1970இல் 'மான்டி பைத்தான்' குழுவினரின் தொலைக்காட்சி நகைச்சுவை ஒன்றில், உணவகத்தின் ஏறக்குறைய எல்லாப் பதார்த்தங்களிலும் ஸ்பேம் இருக்கும். வேறு பேச்சே காதில் விழாத அளவுக்கு அந்தச் சொல்லே ஒலிக்கும். வேண்டாத மடலுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயர் வருவதற்கு முன்பே செயல் தொடங்கிவிட்டது. 1978 மே 3ஆம் நாள், கெரி துவர்க் என்ற கணினி விற்பனையாளர், 'ஆர்ப்பாநெட்' வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார்.

ஏன் இது நிற்பதில்லை?

அஞ்சலில் கடிதம் அனுப்பினால் அனுப்புகிறவர் தபால்தலை வாங்க வேண்டும். மின்னஞ்சலிலோ பத்து பேருக்கு அனுப்புவதற்கும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அவர்களுக்கு இலாபம். நேரத்தை இழப்பவர்கள் நாம். முகவரி அவர்களுக்கு எப்படிப் போகிறது என்றால், பெரும்பாலும் நம்மிடமிருந்துதான்: பேரங்காடி அதிர்ஷ்டக் குலுக்கல் படிவங்கள், இணையத்தில் அப்படியே விடப்படும் பங்கேற்பாளர் பட்டியல்கள், கசிந்துபோன வாடிக்கையாளர் விவரங்கள்.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

வடிகட்டி முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதல் கேள்வி, அனுப்பியவர் உண்மையில் அவர்தானா? இதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என மூன்று முறைகள் உள்ளன. ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்பதை முதலாவது சொல்கிறது. மடலில் உள்ள மின்முத்திரை சரியானதா என்பதை இரண்டாவது காட்டுகிறது. இவை பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்வது என்பதை மூன்றாவது அறிவிக்கிறது. மொத்தமாக மடல் அனுப்புவோர் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என 2024 பிப்ரவரி முதல் கூகள், யாகூ இரண்டும் கட்டாயமாக்கின.

இரண்டாவது கேள்வி, மடலில் என்ன இருக்கிறது? 2002இல் போல் கிரகாம் என்ற கணினி வல்லுநர் எழுதிய கட்டுரை ஒரு வழியைப் பரவலாக்கியது. 18ஆம் நூற்றாண்டில் தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் வகுத்த நிகழ்தகவுக் கணக்குதான் அதற்கு அடிப்படை. ஒரு பேச்சுக்கு, 'இலவசம்' என்ற சொல் 100 குப்பை மடல்களில் 60இலும், 100 நல்ல மடல்களில் 5இலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சொல் வந்தால் குப்பை என்ற ஐயம் கூடும். இப்படிப் பல சொற்களையும் சேர்த்து எடை போட்டு வடிகட்டி முடிவு செய்யும். எது குப்பை, எது நல்லது என்று நாம் காட்டக் காட்டத்தான் அது கற்றுக்கொள்கிறது.

ஆகவே அது தவறவும் செய்யும். குப்பையை உள்ளே விட்டால் நமக்கு எரிச்சலோடு போய்விடும். நல்ல மடலை வெளியே தள்ளினால்தான் இழப்பு. என் விடுதித் தோழி ஒருத்திக்குத் தொழிற்பயிற்சி நேர்காணல் அழைப்பு வந்து, குப்பை உறைக்குள் ஒன்பது நாள் கிடந்தது. அவள் கண்ணில் பட்டபோது நேர்காணல் முடிந்து நான்கு நாளாகிவிட்டது. எழுதிக் கேட்டதற்கு, இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. கடைசியில் தன் படிப்போடு ஒட்டாத ஓரிடத்தில்தான் பயிற்சி முடித்தாள்.

நாம் செய்யக்கூடியவை

1. முகவரியைப் பிரித்து வைப்போம். பல்கலைக்கழக முகவரி படிப்புக்கும் வேலைக்கும் மட்டும். கடை உறுப்பியம், போட்டி, விளையாட்டுச் செயலி ஆகியவற்றுக்கு வேறொன்று. ஜிமெயில் முகவரியில் 'அட்' குறிக்கு முன் ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுத்தாலும் மடல் நமக்கே வரும். முகவரியைக் கசியவிட்டது யார் என்பதும் பிறகு தெரிந்துவிடும்.

2. தெரிந்தவர், தெரியாதவர் என வேறுபடுத்துவோம். நாமே பதிந்துகொண்ட நிறுவனத்தின் விளம்பரம் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தி விலகலாம். அறியாதவரின் மடலில் அதையும் தொடக்கூடாது; தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று உறுதியாகிவிடும். வெறுமனே அழிக்காமல் 'ஸ்பேம்' எனப் புகார் செய்தால் வடிகட்டிக்கும் பாடமாகும்.

3. பல்கலைக்கழகத்தின் பெயரில் கடவுச்சொல் கேட்டு வரும் மடலைக் கணினி மையத்திற்குத் தெரியப்படுத்துவோம். பணம் பறிபோனால் உடனே வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.

4. பொது அறிவிப்புகள் தனி உறைக்குப் போகும்படி விதி அமைப்போம். விரிவுரையாளர், புலம், உபகாரச் சம்பளப் பிரிவு ஆகியவற்றின் முகவரிகளைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்து வைப்போம்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. நேரடி விளம்பரத்திற்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமையை, மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. சிங்கப்பூரில் 2007 முதல் குப்பை மடல் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி, எல்லா முகவரிகளையும் வெளிப்படையாகப் போட்டு நூற்றுக்கணக்கானோருக்கு மடல் அனுப்பும் கழகங்களும் குப்பையைப் பெருக்குகின்றன. நம் கழகமும் விதிவிலக்காகிவிடாது. கேட்டுப் பெற்ற முகவரிக்கு மட்டும் அனுப்புவது, மற்றவர் முகவரி தெரியாதபடி 'பிசிசி'யில் போடுவது, விலக விரும்புவோரை உடனே நீக்குவது ஆகிய மூன்றையும் அடுத்த செயலவை வழக்கமாக்கினால், பொங்கல் விழா அழைப்பும் குப்பைக்குள் போகாது.

குப்பை உறையில் விழுந்தவற்றை ஜிமெயில் 30 நாளில் தானாகவே அழித்துவிடும். எனவே வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலையில் ஐந்து நிமிடம் அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் காத்திருக்கும் பதில் அங்கே கிடக்கலாம்.