சிறுகுறிஞ்சான் மென்றால் சர்க்கரை ஏன் இனிக்காது? சிம்பன்சியின் நாக்கு நரம்பு சொன்ன பதில்!

கோடை வந்துவிட்டால் நெய்வேலி நகரியத்தில் பலாச்சுளை வாசம்தான். பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறதே! ஆனால் சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றுவிட்டு அதே சுளையை வாயில் போட்டால், இனிப்பு காணாமல் போயிருக்கும். சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மணலை மெல்லுவது போலத்தான் இருக்கும். 'சர்க்கரைக்கொல்லி' என்றும் இந்தக் கொடிக்குப் பெயர் உண்டு.

"இனிப்பே தெரியல... அப்போ சுகரும் ஏறாதுதானே?" இந்தக் கேள்விக்கான பதில் நாக்கு நரம்பில் இருக்கிறது.

சுவை மூளைக்கு எப்படிப் போகிறது?

நாக்கில் உள்ள சுவை மொட்டுகள் உணவில் என்ன இருக்கிறது என்று கண்டறிகின்றன. நாக்கின் முன்பகுதியில் கிடைக்கும் தகவலை ஒரு மெல்லிய நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கிறது. இது நடுக்காது வழியாகப் போவதால்தான், காதில் அறுவை சிகிச்சை செய்த சிலருக்கு சுவையே மாறிவிடுகிறது. இந்த நரம்புக்குள் ஏராளமான நுண் இழைகள் இருக்கின்றன.

சிம்பன்சியிடம் என்ன தெரிந்தது?

1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோரன் ஹெலகன்ட் குழுவினர், சிம்பன்சிகளின் இந்த நரம்பில் எழும் மின் துடிப்புகளைப் பதிவு செய்தனர். நாக்கில் சர்க்கரைக் கரைசல் பட்டதும் ஒரு வகை இழைகள் துடித்தன. கசப்பான குயினைனுக்கு வேறு இழைகள், உப்புக்கு வேறு இழைகள். செயற்கை இனிப்பான அஸ்பார்டேமுக்கும் இனிப்பு இழைகளே பதில் தந்தன. அதாவது, இனிப்புக்கென்று தனி லைன் இருக்கிறது.

சிறுகுறிஞ்சானில் உள்ள ஜிம்னீமிக் அமிலத்தை நாக்கில் தடவியபோது, அந்த இனிப்பு லைன் மட்டும் அடங்கிப்போனது. உப்பு, புளிப்பு, கசப்புக்கான துடிப்புகள் அப்படியே இருந்தன.

நரம்பு கெட்டுவிட்டதா?

இல்லை. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி புரதத்தோடு இந்த அமிலம் ஒட்டிக்கொள்கிறது. அதனால் சர்க்கரை வந்த தகவல் நரம்புக்குப் போவதே இல்லை. ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் எச்சிலில் கரைந்து, இனிப்பு திரும்பிவிடும். எலிகளுக்கு இந்த விளைவு பெரிதாக ஏற்படுவதில்லை. அவற்றின் ஏற்பி சற்று வேறுபட்டது என்பதே காரணம்.

அப்படியானால் சுகர் ஏறாதா?

ஏறும்! அடங்கியது நாக்கின் தகவல் மட்டுமே. விழுங்கிய சர்க்கரை குடலில் செரித்து ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். இனிப்பு தெரியவில்லை என்று இரண்டு லட்டு கூடுதலாகச் சாப்பிட்டால், நாக்கு சொல்லாததை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

சிறுகுறிஞ்சான் பொடி ரத்த சர்க்கரையைக் குறைக்குமா என்பது தனிக் கேள்வி. சுகர் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை அளவு அதிகமாக இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. எனவே மாத்திரையை நிறுத்துவதோ, பொடியைத் தொடங்குவதோ, மருத்துவரிடம் கேட்ட பிறகே!