நாற்பது வயதில் சீமைப் படிப்பு

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை மாணாக்கரை மிரட்டுவதற்காக உபாத்தியாயர்களாகிய நாம் பல தடவை உபயோகித்திருக்கிறோம். ஆனால் நாற்பதைத் தாண்டிய உபாத்தியாயர் ஒருவர், "கடல் கடந்து போய் மேற்படிப்புப் படிக்கலாமென்று உத்தேசம்" என்று வாய் திறக்கட்டும். அதே பழமொழி திரும்பி வந்து அவர் தலையிலேயே விழும். பாகூரிலும் சரி, வில்லியனூரிலும் சரி, பிரான்ஸுக்குப் போவது அதிசயமான காரியமல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்தே உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். ஆயினும் தலை நரைத்தபின் படிக்கப் போகிறவரைக் கண்டால் ஊர் சிரிக்கிறது. "பிள்ளையை அனுப்ப வேண்டிய வயதில் தகப்பன் புத்தகப் பையைத் தூக்குகிறானாம்!" என்கிறது.

இந்தச் சிரிப்பு நியாயமானதுதானா என்று பார்ப்போம்.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கத்தில் 1913-ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளாரை நேயர்கள் அறிவார்கள். இளமையில் ரோமாபுரிக்குச் சென்று சமயக் கல்வி கற்றுக் குருவானவர் அவர். ஐரோப்பிய பாஷைகள் பல அவருக்குத் தெரிந்திருந்தன. 1940-இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக வந்து சேர்ந்த பிறகுதான், தமக்குத் தாய்மொழியில் போதிய பயிற்சி இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ரோமாபுரியில் பட்டம் பெற்றவர், பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் படித்தார். அத்துடன் நிற்கவில்லை. 1945-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் சேர்ந்து, தம்மைவிடப் பத்து வயது இளைய பையன்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டு எம்.ஏ. பட்டமும், பிறகு எம்.லிட். பட்டமும் பெற்றார். 1952-இல் இலங்கைச் சர்வகலாசாலையில் கல்வித் துறை விரிவுரையாளரானார்.

ஒருவருடைய வாழ்க்கைக்கு இவ்வளவு படிப்புப் போதாதா? போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1955-இல், தமது 42-ஆம் வயதில், லண்டன் சர்வகலாசாலையில் மீண்டும் மாணவரானார். பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனையே அவர் ஆராய்ந்த விஷயம். 1957-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆசிரியத் தொழில் செய்துகொண்டிருந்த ஒருவர், "நம் முன்னோர் எப்படிக் கற்பித்தார்கள்?" என்று கேட்டதன் விளைவு அது. 1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடுவதற்கும் அவர் முன்னின்றார். மூன்றாம் மாநாடு 1970-இல் பாரிஸிலேயே நடந்தது. 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்று ரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. 1966-இல் அது மீண்டும் அச்சேறியதும் அவராலேதான்.

இளம் பிள்ளை வெளிநாடு செல்லும்போது பெரும்பாலும் பட்டத்தைத் தேடித்தான் செல்கிறான். அதில் தவறொன்றுமில்லை. அவனுக்குப் பிழைக்க வழி வேண்டுமல்லவா? நாற்பது வயதுக்காரர் நிலைமை வேறு. அவர் பதினைந்து இருபது வருஷம் ஒரு தொழிலில் உழன்றவர். அந்தத் தொழில் அவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தால், அதற்கு உள்ளூரில் விடை அகப்படாமலிருந்தால், அவர் புறப்படுவதில் அர்த்தம் உண்டு. கேள்வி இல்லாமல் பட்டத்துக்காக மட்டும் போவதானால் ஊர் சிரிப்பதை நாம் தடுக்க முடியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1925-இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று லண்டனுக்கு மேற்பயிற்சிக்குச் சென்றபோது அவருக்கு வயது 39. இரண்டு குழந்தைகளின் தாய். சென்னை வைத்தியக் கல்லூரியில் 1912-லேயே தேறி, டாக்டராகப் பெயர் பெற்றிருந்தார். தங்கை புற்றுநோய்க்குப் பலியானதைக் கண்ணெதிரே பார்த்த துயரம் அவர் நெஞ்சில் ஆறாமலிருந்தது. 1954-இல் அடையாற்றில் திறக்கப்பெற்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி அந்தத் துயரத்தில் விளைந்தது என்பது தமிழ்நாடு அறிந்த செய்தி.

கேள்வி இருந்தால் மட்டும் போதுமா? செலவை யார் தாங்குவது? இந்த விஷயத்தில் எங்கள் பாகூருக்கு ஒரு பழங்கதை உண்டு. கட்டுக்கதையல்ல, செப்பேட்டில் எழுதிய கதை. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் 'வித்யாஸ்தானம்' என்னும் உயர்தரக் கல்விச்சாலை ஒன்று இருந்தது. அதன் பராமரிப்புக்காக மூன்று கிராமங்களின் வருவாய் தானமாக விடப்பட்டது. இதைக் கூறும் செப்பேடுகள் 1879-இல் பாகூரில் கண்டெடுக்கப்பட்டுப் பிறகு பாரிஸ் தேசிய நூலகத்தை அடைந்தன. ஆக, பாகூர்க்காரன் தன் ஊர்க் கல்விச்சாலையின் சாஸனத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றாலும் கடல் கடக்க வேண்டியவனே! அது கிடக்கட்டும். சிலர் உட்கார்ந்து படிப்பதற்கு மூன்று ஊர் ஜனங்கள் வயலில் பாடுபட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

இக்காலத்தில் அந்த மூன்று ஊர்களின் சுமை பெரும்பாலும் ஒரே வீட்டின் மேல் விழுகிறது. அம்பேத்கர் உதவிச் சம்பளம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டு லண்டனிலிருந்து திரும்பினார். பம்பாயில் கல்லூரி ஆசிரியராக இருந்து மீத்த பணம், கோல்ஹாப்பூர் மகாராஜாவின் உதவி, சிநேகிதரிடம் வாங்கிய கடன் இவற்றைத் திரட்டிக்கொண்டு 1920-இல் மறுபடியும் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்த வருஷங்களில் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தவர் அவருடைய மனைவி ரமாபாய். பட்டத்தில் அந்த அம்மாளின் பெயர் இல்லை.

இனி, இன்றைய நிலவரத்தைச் சிறிது கவனிப்போம். உதவித் தொகை கொடுப்பவர்களில் சிலர் வயதைப் பார்க்கிறார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித் தொகைக்கு 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு அரசின் ஷார்பாக் உதவித் தொகைக்கு 30 வயதே எல்லை. ஆனால் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித் தொகைக்கு மேல்வயது வரம்பு கிடையாது. இரண்டு வருஷமாவது வேலை பார்த்த அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பிரான்ஸிலோ, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்களுக்கு 2019-இல் எம்.ஏ. தரப் படிப்புக்கு வருஷத்துக்கு 3,770 யூரோ என்று சம்பளம் விதித்தார்கள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி 380 யூரோதான் வைத்தார்கள்.

அரசு ஊழியர்களுக்குப் படிப்பு விடுப்பு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் 1972-ஆம் வருஷத்து விடுப்பு விதிகளின்படி, ஐந்து வருஷம் பணிபுரிந்தவர் மொத்தம் 24 மாதம் வரையில் இந்த விடுப்பைக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் மேலதிகாரிகளின் இஷ்டம். படிப்பு அவருடைய உத்தியோகத்துக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் மூன்று வருஷமாவது பணிபுரிவதாகப் பத்திரம் எழுதித்தர வேண்டும். கேள்வியோடு போ, விடையோடு திரும்பு என்று சர்க்கார் விதியே சொல்வதாக நாம் பொருள் கொள்கிறோம்.

இவ்வளவு விவரமும் நமக்கு எப்படித் தெரிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறோம். நமக்கு வயது 44. நமது வகுப்பில் வயல் வேலை செய்வோரின் குழந்தைகள் படிக்கிறார்கள். மூட்டை இன்ன விலை என்றால் ஏழரை மூட்டை நெல் என்ன விலை என்று தமிழில் கேட்டால் வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவான் ஒரு பையன். அதே கணக்கை இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறியபின் இப்படிப்பட்ட பையன்கள் நம் வகுப்பில் பெருகிவிட்டார்கள். வீட்டு மொழி ஒன்று, பாட மொழி வேறு என்றிருக்கும் குழந்தைக்குக் கணக்கை எப்படிக் கற்பிப்பது? பல தேசங்களில் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அதை முறையாகக் கற்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

வீட்டில் இதைப் பிரஸ்தாபித்தோம். "ஒரு வருஷந்தானே, போய்விட்டு வாருங்கள். கடன் மட்டும் வேண்டாம்" என்றாள் மனையாள். அன்னையோ, "நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் இருப்பேனாடா?" என்று கேட்டார். அதற்கு எந்தச் சர்வகலாசாலையும் விடை தராது. நாமும் அன்றிரவு ஒன்றும் பதில் சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்குப் பின் மூவருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பைக் கடக்கும் வரையில் புறப்படுவதில்லை. உதவித் தொகையும் விடுப்பும் கிடைத்தால் ஒரு வருஷப் படிப்புக்குப் போவது. கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போவதில்லை. அந்த ஒரு வருஷம் வில்லியனூரிலிருக்கும் தங்கை அன்னையுடன் வந்து தங்குவாள். அதுவரையில், பையன்கள் தமிழில் சரியாகவும் இங்கிலீஷில் தப்பாகவும் போடும் கணக்குகளையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்த நோட்டுப் புத்தகம் வீண் போகாது.

நம்மைப் போல் நாற்பதைத் தாண்டி, இதே யோசனையில் தூக்கம் கெட்டுக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தை எழுதுங்கள். ஆனால் சர்வகலாசாலைக்கு அனுப்புமுன் அதை வீட்டிலுள்ளோர் எல்லாருக்கும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.