உணவகக் காணியை ஆராய்வது யார் கடமை?

பெயர்பெற்ற உணவக நிறுவனமொன்றின் பிரான்சைஸ் உரிமையைப் பெற்று, மன்னார்த் தீவிலோ அதனை அடுத்த பெருநிலப்பரப்பின் கரையிலோ கடை திறக்க விரும்பும் ஒருவர், சந்தியின் சனநடமாட்டத்தையும் வாடகையையும் மாத்திரம் விசாரித்துவிட்டு, நிலத்தடி விஷயங்களைத் தாய் நிறுவனம் பரிசீலித்திருக்கும் என்று நம்புவாராயின், அந்நம்பிக்கைக்கு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஆதாரம் இராது. இடத்தைத் தெரிவு செய்வது பொதுவாக உரிமை பெறுபவரின் பணி. தாய் நிறுவனத்தின் சம்மதமோ, அவ்விடம் வியாபாரத்துக்கு உகந்தது என்ற அபிப்பிராயமேயன்றி, மண்ணும் நீரும் மாசற்றவை என்ற உத்தரவாதம் அன்று.

அமெரிக்காவில் 1980இல் இயற்றப்பட்ட சூப்பர்ஃபண்ட் சட்டம், மாசை விளைத்தவர் முன்னைய உரிமையாளரே ஆயினும், இன்றைய உரிமையாளரும் சுத்திகரிப்புச் செலவுக்குப் பொறுப்பாகக்கூடும் என்று விதித்து, பின்வந்த திருத்தங்களால் வாங்குமுன் முறையாக விசாரித்தவருக்குப் பாதுகாப்பும் அளித்தது. நம் வடபுலத்தில் சுன்னாகத்து மின்நிலைய எண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நியாயப் பிரமாணத்தின்படி, நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கிடைத்த மாத்திரத்தில் கெட்ட நிலத்தடி நீர் தெளிந்துவிடுவதில்லை.

மன்னார்த் தீவிலோ அபாயம் இருமடங்கு. அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும், எண்ணெய்ப் பசையுள்ள கழிவுநீரைக் குழியில் விட்டால் அது விரைவிலே அயற்கிணற்றைச் சேரும். ஆகவே பிறர் விட்டுச்சென்ற மாசைக் கண்டறிவதோடு, தம் அடுப்படி விளைக்கப்போகும் மாசையும் முன்கூட்டியே கணிப்பது உரிமை பெறுபவரின் தர்மமாகிறது.

மாசோடு சட்டத்தின் எல்லைகளையும் முன்கூட்டியே அறிய வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதனுள் கட்டடம் எழுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். பெருநிலக் கரையிலுள்ள வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனமானது. அப்பகுதியில் காணி தேடுவோர் எல்லை வரைபடத்தை முதலில் பார்க்கவேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே, காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடி, முன்பு அங்கே பெற்றோல் நிலையமோ வாகனத் திருத்தகமோ குப்பைமேடோ இருந்ததா என்று கிராம அலுவலரிடமும் அயலாரிடமும் கேட்டு, மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிப்பித்து, குறை வெளிப்பட்டால் விலகும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே விவேகம். அச்செலவு கடையின் மூலதனத்தில் சிறு பங்கே. அதைத் தவிர்ப்பவர் தம் முதலையும் அயலாரின் குடிநீரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.