குருதியோட்டமும் பாகுநிலையும்: உடலின் கட்டுப்பாடு

குருதி பாயும்போது அதன் அடுக்குகளுக்கிடையே எழும் உராய்வுத் தடை குருதியின் பாகுநிலை எனப்படும். நீரைவிடக் குருதியின் பாகுநிலை ஏறத்தாழ 3 முதல் 4 மடங்கு அதிகம். குருதியின் பருமனில் சிவப்பணுக்கள் பெறும் பங்கே (ஹீமட்டோகிரிட்) இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நலமான ஆண்களில் இப்பங்கு பொதுவாக 40 முதல் 50 விழுக்காடு. பெண்களில் சற்றுக் குறைவு. பாகுநிலையை மட்டும் தனியே அளக்கும் உணர்வி எதுவும் உடலில் அறியப்படவில்லை. அழுத்தம், உராய்வு, உப்புச் செறிவு, ஆக்சிஜன் ஆகிய நான்கின் வழியாகவே உடல் குருதியோட்டத்தைச் சீராக வைக்கிறது.

குழாயின் ஆரம்

பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் 1840-களில் வெளியிட்ட விதிப்படி, ஓட்டம் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும் அமையும். ஆரம் 10 விழுக்காடு சுருங்கினால் ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். எனவே ஓட்டத்தை உடனே மாற்ற, உடல் சிறுதமனிகளைச் சுருக்குகிறது அல்லது விரிக்கிறது.

நான்கு உணர்வுகள்

அழுத்தம்: கழுத்துத் தமனி, பெருந்தமனி வளைவு ஆகியவற்றின் சுவரிலுள்ள நரம்பு முனைகள் சுவர் விரிவதை உணர்ந்து முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. சில நொடிகளில் இதயத்துடிப்பு மாறுகிறது.

உராய்வு: குருதி உரசிச் செல்லும்போது குழாயின் உட்படலச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன, குழாய் விரிகிறது. குருதி தடித்து உராய்வு கூடும்போதும் இவ்வாறே ஓரளவு ஈடாகிறது. நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகியோர் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

உப்புச் செறிவு: இது 1 முதல் 2 விழுக்காடு கூடினாலே ஹைப்போதலாமஸ் உணர்ந்துவிடும். தாகம் எழும், வாசோபிரசின் ஹார்மோன் சுரந்து, சிறுநீரகம் நீரை மீட்கும்.

ஆக்சிஜன்: இது குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டினைச் சுரக்கும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கும்.

நத்தமும் கொடைக்கானலும்

குருதி தடிப்பதற்கான இரு வழிகளையும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே காணலாம். நத்தம் பகுதி மாந்தோப்புகளில் கோடையில் காய் பறிப்பவர்களுக்கு வியர்வையால் பிளாஸ்மா குறைகிறது. சிவப்பணுக்களின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் அவற்றின் பங்கு உயர்கிறது. வெப்பத்தை வெளியேற்றத் தோலும், உழைக்கத் தசையும் ஒரே நேரத்தில் குருதியைக் கேட்பதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, தலைசுற்றலும் வரலாம்.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அங்கே சில வாரங்கள் தங்குபவருக்குச் சிவப்பணுக்களே பெருகத் தொடங்குகின்றன. முன்னது நீரும் உப்பும் கிடைத்தால் சில மணி நேரத்தில் சீராகும். பின்னது மெல்லவே மாறும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள்.

முக்கியத்துவம்

நீரிழப்பு இரத்தசோகையை மறைக்கக்கூடும். பிளாஸ்மா குறைந்த நிலையில் எடுக்கும் சோதனையில் ஹீமோகுளோபின் அளவு உண்மையைவிட உயர்ந்து தெரியும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதால், வெயிலில் உழைக்கும் பெண்களுக்கு இது முக்கியமானது.

முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. ஆகவே முதியோர் தாகத்துக்குக் காத்திராமல் இடைவிட்டு நீர் அருந்த வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், நெடுநேரம் வெயிலில் உழைப்பவர்களுக்கு வெறும் நீரோடு உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் துணைபுரிகின்றன.