வளைவில் சாயும் பிக்-அப்: தடித்த கம்பி போதுமா?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை முழுக்க வளைவுகள். எஞ்சின் சக்தியைக் கூட்டிய பிக்-அப் அங்கே ஒரு பக்கம் சாயும்போது, பின்னிருக்கைப் பிள்ளைகள் கைப்பிடியைத் தேடுவார்கள்.

இந்தச் சாய்வைத் தடுப்பது ஸ்வே பார். இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் எஃகுக் கம்பி அது. வண்டி சாயும்போது முறுகி எதிர்த்து நிற்கும். 28 மி.மீ. கம்பிக்குப் பதில் அதே வடிவில் 32 மி.மீ. கம்பி போட்டால், எதிர்க்கும் வலு சுமார் 70 விழுக்காடு கூடும்.

ஆனால் முன்பக்கம் மட்டும் இறுகினால், வண்டி திரும்பாமல் வளைவுக்கு வெளியே தள்ளும். பல பிக்-அப்களில் பின்பக்கம் ஸ்வே பாரே இருக்காது. அங்கே அளவுக்கு மீறித் தடித்த கம்பியைப் பொருத்தினால், சரக்கில்லாத வண்டியின் பின்பகுதி மழையில் வழுக்கும்.

எனவே முதலில் டயர், அப்சார்பர், தேய்ந்த புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். ஜே.பி.ஜே. விதிகளையும் கேட்டறியுங்கள். பிறகு முன்னும் பின்னும் ஒத்துப்போகும் கம்பிகளைத் தேர்ந்தெடுங்கள்.

சாய்வு குறைந்ததும் வேகத்தைக் கூட்ட மனம் துடிக்கும். சாலையைப் பிடித்திருப்பது கம்பியல்ல, நான்கு டயர்கள்தாம். பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினால், அதுவே நல்ல மாற்றம்.